பெயருக்கு முன்னால் முனைவர்

கல்வியியலில் பிஎச்.டி. முடித்த ஆசிரியர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நானும் டாக்டர்னு போட்டுக்கலாமா சார்?” இயற்பியலில் ஆய்வு செய்தவர் இதைக் கேட்பதில்லை. தமிழில் ஆய்வு செய்தவரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்திலும் பயிற்சிக் கல்லூரியிலும் பாடம் நடத்திக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளையும் கோடை விடுமுறைகளையும் ஆய்வேட்டுக்குக் கொடுத்தவர்தான் கேட்கிறார். ‘வாத்தியாருக்கு எதுக்கு டாக்டர் பட்டம்?’ என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். இந்த அத்தியாயம் அவருக்காக.

போட்டுக்கொள்ளலாம். சட்டம் தடுக்கவில்லை, பல்கலைக்கழகம் அதற்காகவே பட்டம் தருகிறது, உழைப்பு முழுக்க உங்களுடையது. எந்த நாளிலிருந்து, எந்த இடத்தில், எப்படி எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். அரசியல் சாசனத்தின் 18ஆவது பிரிவு, அரசு பட்டங்கள் வழங்குவதை ஒழித்தது. ராவ் பகதூர், திவான் பகதூர் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தோடு போயின. ஆனால் அதே பிரிவு ராணுவச் சிறப்புக்கும் கல்விச் சிறப்புக்கும் விலக்கு அளித்திருக்கிறது. பத்ம விருது பெற்றவர்கூட ‘பத்மஸ்ரீ’ என்பதைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டம்போல ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று பாலாஜி ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முனைவர் பட்டத்துக்கு அந்தத் தடை இல்லை. படித்து வாங்கியது கூடவே வரும்.

இதற்கு நல்ல முன்னோடி டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன். 1931இல் ஆங்கிலேய அரசு அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தது. நாடு விடுதலை பெற்ற பிறகு அதை விட்டுவிட்டு, கல்விப் பட்டமான டாக்டரையே வைத்துக்கொண்டார். தமிழக அரசு நல்லாசிரியர்களுக்குத் தரும் விருதின் பெயரிலேயே அந்த டாக்டர் இருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியாருக்கும் டாக்டருக்கும் சம்பந்தமில்லை என்று சொல்கிறவர்கள் அந்த விருதுச் சான்றிதழை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.

ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் டாக்டர் என்பது கற்பிக்கும் உரிமை பெற்றவருக்கு உரிய பட்டமாக இருந்தது. இறையியல், சட்டம், மருத்துவம் மூன்றுக்கும் அது பொது. கல்வியியல் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜ் 1890களில் கல்வியியலில் முனைவர் பட்டம் தரத் தொடங்கியது. 1920இல் ஹார்வர்டு ‘எட்.டி.’ என்று தனிப் பட்டமே உருவாக்கியது. இந்தியாவில் பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1936இல் எம்.எட். தொடங்கி, 1940களில் கல்வியியல் பிஎச்.டி.க்கு வந்தது. மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1966இல். இன்று தென் மாவட்ட ஆசிரியர் ஒருவருக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா, காந்திகிராமம், கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், 2008இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் என்று பல வாசல்கள் இருக்கின்றன.

பசுமலையின் இருவகை டாக்டர்கள்

மதுரையை ஒட்டிய பசுமலையில் இருப்பவர்களுக்கு மருத்துவர் அல்லாத டாக்டர் புதியவர் அல்லர். திருமங்கலத்தில் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனின் செமினரி 1845இல் பசுமலைக்கு வந்தது. 1881இல் அங்கே கல்லூரி வகுப்புகள் தொடங்கின. அதுவே பின்னாளில் மதுரைக்கு இடம்பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரி ஆனது. அந்த மிஷனில் இருவகை டாக்டர்கள் இருந்தார்கள். மதுரையில் மிஷன் ஆஸ்பத்திரியைக் கட்டி எழுப்பிய ஃபிராங்க் வான் ஆலன் எம்.டி. படித்த மருத்துவர். பசுமலையில் இறையியல் கற்பித்த ஜான் பி. ஜோன்ஸ் டி.டி. என்ற இறையியல் டாக்டர் பட்டம் உடையவர், மருத்துவத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஒருவர் உடம்பைப் பார்த்தார், ஒருவர் பாடம் சொன்னார். பட்டம் இருவருக்கும் உண்டு.

அதே பசுமலையில் குடியிருந்தவர் நாவலர் சோமசுந்தர பாரதியார். வழக்கறிஞர், கப்பலோட்டிய சிதம்பரனாருக்குத் தோள்கொடுத்த நண்பர், 1933 முதல் 1938 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். 1955இல் அதே பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துப் பெருமை செய்தது. ஆனால் 1959இல் அவர் மறையும்வரையிலும் அதற்குப் பின்னும் ஊரும் உலகமும் சொன்னது ‘நாவலர்’ என்றுதான். கௌரவமாக வந்த பட்டத்தை எந்த அளவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதற்குப் பசுமலையிலேயே கிடைக்கும் அளவுகோல் அது.

இன்னொரு பக்கம் டாக்டர் மு.வ. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல், தமிழில் முதன்முதலாக பிஎச்.டி. பெற்றவர். 1971 முதல் 1974இல் மறையும்வரை மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவருடைய நாவல் அட்டையிலும் திருக்குறள் தெளிவுரை அட்டையிலும் ‘டாக்டர்’ என்ற சொல் பெயரோடு பெயராகப் பதிந்துபோனது. அவரிடம் யாரும் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்கவில்லை. ஆய்வு செய்து பெற்ற பட்டத்தை எடுத்த எடுப்பிலேயே பெயரோடு சேர்த்துக்கொண்டதில் குறையொன்றும் இல்லை என்பதற்கு அவரே சாட்சி.

எந்த நாளிலிருந்து?

வைவா முடிந்த அன்று மாலையே வாட்ஸ்அப்பில் ‘முனைவர் ஆனார்’ என்று வாழ்த்து வந்துவிடும். மாலை, சால்வை, கைடுக்கு ஒரு சால்வை, புறத்தேர்வாளருக்கு ஒரு சால்வை, துறை வாசலில் குழுப்படம், மத்தியானம் பிரியாணி. நியாயமான மகிழ்ச்சிதான். வாழ்த்துகிறவர்கள் வாழ்த்தட்டும். ஆனால் நீங்கள் எழுதும் எந்தத் தாளிலும் அன்றே பட்டத்தைப் போடாதீர்கள். பொது வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் செய்வது பரிந்துரை. அந்த அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒப்புதல் பெற்று, பட்டம் வழங்கப்படுவதாக அறிவிப்பு வர வேண்டும். அதன் பிறகு தற்காலிகச் சான்றிதழ், அதாவது ப்ரொவிஷனல், கையில் கிடைக்கும். அந்த அறிவிப்பில் உள்ள தேதிதான் உங்கள் தேதி. பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டியதில்லை; விழா சில சமயம் ஓராண்டுகூடத் தள்ளிப்போகும்.

அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர் ‘முனைவர் பட்ட ஆய்வாளர்’. அது மரியாதையான சொல். பெயருக்குப் பின்னால் பிஎச்.டி. என்று எழுதி, பக்கத்தில் பொடி எழுத்தில் ‘தொடர்கிறது’ என்று சேர்க்கும் வழக்கம் பரவிவருகிறது. அதை விட்டுவிடுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவரும் இன்னும் ஆய்வாளர்தான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, பாடப்பகுதியையும் சேர்த்து. அதிகபட்சம் 6 ஆண்டு. அதற்கு மேலும் மறுபதிவில் நீட்டிப்பு உண்டு, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதல் சலுகை உண்டு. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்பவர் பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அஞ்சல்வழியிலும் ஆன்லைனிலும் பிஎச்.டி. கிடையாது. இந்த வரிகளை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், அரசுப் பள்ளி ஆசிரியர் பலர் துறையின் முன் அனுமதி இல்லாமல் ஆய்வை முடித்துவிட்டு, பணிப்பதிவேட்டில் பட்டத்தை ஏற்ற முடியாமல் அலைகிறார்கள். பட்டம் உண்மை, உழைப்பும் உண்மை, எஸ்.ஆர். புத்தகத்தில் மட்டும் இடம் இல்லை. சேருவதற்கு முன்பே அந்த அனுமதித் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர்களின் கூடுதல் கல்வித் தகுதிக்கு இருந்த ஊக்க ஊதிய உயர்வும் 2020 மார்ச்சில் ரத்தானது. சம்பளம் ஏறும் என்று எண்ணிச் செய்கிறவர்கள் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டில் எட்.டி. முடித்துத் திரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டம் செல்லும், ஆனால் இங்கே வேலைக்கு விண்ணப்பிக்க இணைத்தன்மைச் சான்று தேவைப்படும். 2025இல் மானியக் குழு இதற்கெனத் தனி விதிகள் வெளியிட்டிருக்கிறது.

முன்னாலா, பின்னாலா?

தமிழில் எழுதும்போது முனைவர். ஆங்கிலத்தில் எழுதும்போது டாக்டர். தமிழ் அழைப்பிதழில் டாக்டர் என்று போட்டால் குழப்பம் வரும் இடங்களில் முனைவர் என்ற சொல் நம்மைக் காப்பாற்றுகிறது. மருத்துவருக்கு மருத்துவர் என்று ஒரு சொல், ஆய்வாளருக்கு முனைவர் என்று ஒரு சொல். இந்த வசதி ஆங்கிலத்தில் இல்லை. ஈழத்தில் இதே பட்டத்துக்குக் கலாநிதி என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ அறிஞர் ஒருவரைக் கருத்தரங்குக்கு அழைத்தால் அவர் பெயருக்கு முன் கலாநிதி என்றே அச்சிடுங்கள். அதை அடித்து முனைவர் என்று திருத்துவது அவர் ஊர் வழக்கை மதிக்காத செயல்.

முன்னால் முனைவர் போட்டால் பின்னால் பிஎச்.டி. வேண்டாம். இரண்டும் ஒன்றுதான். முன்னால் ‘திரு.’ போட்டு அதற்குப் பக்கத்தில் முனைவர் போடுவதும் மிகை. பேராசிரியராகப் பதவியில் இருப்பவருக்கு ‘பேராசிரியர் முனைவர்’ என்று இரண்டும் வரலாம். ஒன்று பதவி, ஒன்று பட்டம்.

நான் எல்லாரிடமும் சொல்லும் ஒரு வழி இருக்கிறது. பிறர் உங்களைப் பற்றி எழுதும்போது பட்டம் பெயருக்கு முன்னால் வரட்டும். நீங்களே கையெழுத்திடும்போது பெயரை மட்டும் எழுதி, கீழே எம்.எஸ்சி., எம்.எட்., பிஎச்.டி. என்று தகுதியைக் குறியுங்கள். முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதும் கடிதமானாலும், பெற்றோருக்கு எழுதும் சுற்றறிக்கையானாலும் இது பொருந்தும். தற்பெருமை என்று யாரும் சொல்ல முடியாது, தகுதியும் மறையாது. லெட்டர்பேடும் விசிட்டிங் கார்டும் வேறு கதை. அவை அறிமுகத்துக்காகவே அச்சாகின்றன. அங்கே முன்னாலேயே போடலாம்.

வாசல் பலகை

இந்த அத்தியாயத்திலேயே முக்கியமான இடம் இதுதான்.

திருப்பரங்குன்றம் போகும் சாலையிலிருந்து பசுமலைக்குள் திரும்பும் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு கேட்டில் கறுப்புக் கிரானைட் பலகை. ‘டாக்டர்’ என்று பெரிய எழுத்து, பெயர், கீழே கதவு எண். அவ்வளவுதான். ராத்திரி பதினொரு மணிக்கு, பக்கத்தில் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் ஒரு தாய், தூக்கித் தூக்கிப் போடும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தட்டுகிறாள். “டாக்டரம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குதும்மா.” உள்ளேயிருந்து வந்த கல்வியியல் முனைவர் விளக்கிச் சொல்லி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பதற்குள் கால் மணி நேரம் போய்விடும். வலிப்பு வந்த குழந்தைக்குக் கால் மணி நேரம் சின்ன விஷயமல்ல. அந்தத் தாய்மேல் தவறு இல்லை. மாதப் பரீட்சையில் கூட ஓரெழுத்துத் தவறுக்கு மதிப்பெண் குறைக்கிறோம். இங்கே ஒரு சொல் குறைவதால் உயிர் தவிக்கிறது.

பலகையில் ‘முனைவர்’ என்று தமிழில் எழுதுங்கள். கீழ் வரியில் ‘கல்வியியல் பேராசிரியர்’ என்றோ, ‘முதுநிலை ஆசிரியர்’ என்றோ, ‘தலைமை ஆசிரியர்’ என்றோ சேர்த்துவிடுங்கள். ஆங்கிலமும் வேண்டுமென்றால் டாக்டருக்குப் பக்கத்தில் பிஎச்.டி., கல்வியியல் என்று இருக்கட்டும். முன்னாலும் பின்னாலும் வேண்டாம் என்று மேலே சொன்ன விதியை இந்த ஓரிடத்தில் மட்டும் மீறலாம். இங்கே அழகைவிடத் தெளிவு பெரிது. அவசரத்துக்கு யாராவது தட்டினால் சொல்வதற்கு 108 என்ற எண்ணையும், அருகில் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் மருத்துவமனையின் பெயரையும் வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டவே வேண்டாம். சிவப்புச் சிலுவைக் குறியும், மருத்துவச் சின்னமும் நமக்கு உரியவை அல்ல. மருத்துவர்கள் உட்படப் பலரும் தனியார் வண்டிகளில் ஒட்டிக்கொள்ளும் துறை ஸ்டிக்கர்களுக்குச் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2024 மே மாதத்திலிருந்து அபராதம் போடத் தொடங்கியது. மருத்துவமனை கவுன்ட்டரில் நின்று “நான் டாக்டர்” என்று சொல்லி வரிசையைத் தாண்டுவதும் ஸ்டிக்கரைப் போன்றதே. மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் அதிகாலையிலேயே வந்து சீட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்னும் கவனமாகப் படிக்க வேண்டியது. கல்வி உளவியலில் ஆய்வு செய்தவர்கள் ஓய்வுபெற்ற பிறகு, அல்லது வேலையில் இருக்கும்போதே மாலை நேரத்தில், ‘கற்றல் குறைபாட்டு மையம்’, ‘குழந்தைகள் ஆலோசனை மையம்’ என்று தொடங்குகிறார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, எழுத்தே தங்காத பிள்ளை என்று பெற்றோர் அழைத்து வருகிறார்கள். பலகையில் டாக்டர் என்று மட்டும் இருந்தால் அவர்கள் மருத்துவரிடம் வந்திருப்பதாகவே நம்புவார்கள். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கும் வலிப்பு மாத்திரையை நிறுத்தலாமா என்றுகூடக் கேட்பார்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் 1992இல் வந்தது. சிறப்புக் கல்வியாளராகவோ மருத்துவ உளவியலாளராகவோ தொழில் செய்ய அந்தக் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். கல்வியியல் பிஎச்.டி. அந்தப் பதிவுக்கு ஈடாகாது. பதிவு இருந்தால் பதிவு எண்ணைப் பலகையில் எழுதுங்கள். இல்லையென்றால் பாடம் கற்பிக்கும் மையமாக மட்டும் நடத்துங்கள். பரிசோதனை அறிக்கை, சான்றிதழ் எதிலும் கை வைக்காதீர்கள். ஆங்கில மருத்துவம் படித்தவர் என்று தோன்றும்படி பட்டம் போட்டுக்கொள்வதை 1916ஆம் ஆண்டு மருத்துவப் பட்டங்கள் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. உங்கள் எண்ணம் நல்லதாக இருக்கலாம். ஏமாந்துபோன பெற்றோருக்கு அந்த எண்ணம் தெரியாது.

ஆதாரும் பாஸ்போர்ட்டும்

ஆதார், பான், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர்க் கட்டத்தில் பட்டம் எழுதக் கூடாது. பான் விண்ணப்பத்தின் குறிப்பிலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது. எங்கோ ஒரு படிவத்தில் டாக்டரைப் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டு, பிறகு பான் ஒரு பெயரிலும் ஆதார் ஒரு பெயரிலும் இருந்து இணைக்க முடியாமல் இ-சேவை மையத்துக்கு நடப்பவர்கள் உண்டு. ஜெர்மனியில் முனைவர் பட்டத்தைப் பாஸ்போர்ட்டிலேயே குறிக்கலாம். அங்கே இல்லாத பட்டத்தைப் போட்டுக்கொண்டால் சிறைத் தண்டனை வரை போகும். அங்கே குடியேறிய உறவினர் சொல்வதைக் கேட்டு இங்கே முயல வேண்டாம்.

விமான டிக்கெட்டில் பெயருக்கு முன்னால் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் டாக்டர் இருக்கும். தேவையில்லை. நடுவானில் பயணி ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் பணிப்பெண் பட்டியலைப் பார்த்து உங்கள் இருக்கைக்குத்தான் வருவார்.

காசுக்கு வரும் டாக்டர்

ஆசிரியர் தினம் நெருங்கும்போது கைப்பேசிக்குச் செய்தி வரும்: கல்விச் சேவைக்குக் கௌரவ டாக்டர் பட்டம், பதிவுக் கட்டணம் இவ்வளவு, மேடையில் பிரபலம் கையால் பெறலாம், கோட்டு தொப்பி அவர்களே தருவார்கள். போகாதீர்கள். மானியக் குழுச் சட்டம் 1956இன் 22ஆவது பிரிவுப்படி பட்டம் தரும் உரிமை சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. கவுன்சில், அகாதெமி, அறக்கட்டளை, பேரவை எதற்கும் கிடையாது.

2023 பிப்ரவரி கடைசியில் சென்னையில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு விழா நடத்தி, திரைக் கலைஞர்கள் உட்படப் பலருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. பட்டத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்து, போலீசில் புகார் போய், அமைப்பாளர் கைதானார். அரங்கைப் பார்த்து நம்பினவர்கள் அவர்கள். ஆசிரியராகிய நாம் யார் கையெழுத்து, எந்தச் சட்டம் என்று பார்க்கத் தெரிந்தவர்கள்.

உண்மையான பல்கலைக்கழகம் கொடுத்த கௌரவ முனைவர் பட்டமும் ஆய்வுத் தகுதி ஆகாது. பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் கணக்கில் வராது. பாராட்டுக் கூட்ட அழைப்பிதழில் குறிப்பிடலாம். அதற்கு மேல் நாவலரின் வழிதான்.

உங்கள் பட்டம் நேர்மையானது என்பதற்கு ஊரறிந்த சான்று உங்கள் ஆய்வேடே. ஷோத்கங்கா இணையத்தளத்தில் அது யார் வேண்டுமானாலும் வாசிக்கும்படி கிடக்கும். கருத்துத் திருட்டைத் தடுக்க 2018இல் மானியக் குழு விதிகள் வகுத்தது. ஒத்துப்போகும் பகுதி 10 விழுக்காட்டைத் தாண்டினாலே திருத்தி மீண்டும் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். பட்டம் வாங்கிய பிறகு நிரூபணமானாலும் நடவடிக்கை உண்டு. காசு கொடுத்து எழுதி வாங்கியவர் பெயருக்கு முன்னால் முனைவர் போடும்போதெல்லாம் உள்ளூரப் பயப்பட வேண்டியிருக்கும்.

வகுப்பிலும் மேடையிலும்

வகுப்பில் பிள்ளைகள் சார் என்றோ, மிஸ் என்றோ, அய்யா, அம்மா என்றோ கூப்பிடட்டும். அதை மாற்ற வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை “டாக்டர் மிஸ்” என்று கூப்பிடுவதால் கூடுதல் மரியாதை எதுவும் வந்துவிடாது. ஆனால் பிள்ளைகளுக்கு உங்கள் பட்டம் தெரிய வேண்டும். எதைப் பற்றி ஆய்வு செய்தீர்கள், எத்தனை பள்ளிக்குப் போனீர்கள், எப்படிக் கேள்வித்தாள் தயாரித்தீர்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து சொல்லுங்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை அந்த வகுப்பில் இருக்கும். தனக்கும் அது எட்டும் என்று அதற்குத் தெரிய வேண்டும்.

‘பட்டத்தை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் அடக்கம்’ என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. எல்லாருக்கும் அது பொருந்தாது. கொலம்பியாவிலும் லண்டனிலும் முனைவர் பட்டங்கள் பெற்ற அம்பேத்கரை நம் கிராமங்களில் டாக்டர் அம்பேத்கர் என்றே சொல்கிறார்கள். அவர் மருத்துவர் என்று யாரும் நினைப்பதில்லை. வகுப்பறையில் தள்ளி உட்கார வைக்கப்பட்டவர் உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் பெற்றது அது என்பதை அந்த ஒரு சொல் ஒவ்வொரு முறையும் சொல்கிறது. படிப்பு மறுக்கப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர் தன் பட்டத்தை உரக்கச் சொல்வது நியாயம். அதைத் தற்பெருமை என்று அளப்பவருடைய அளவுகோல் கோணல்.

பெண்களுக்கும் இதே நியாயம். 2020 டிசம்பரில், அமெரிக்க அதிபராகத் தேர்வானவரின் மனைவி ஜில் பைடன் தன் பெயருக்கு முன்னால் உள்ள டாக்டரைக் கைவிட வேண்டும் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. அவர் 2007இல் டெலவேர் பல்கலைக்கழகத்தில் எட்.டி. பெற்றவர், சமுதாயக் கல்லூரியில் ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்தியவர். கட்டுரைக்கு அங்கே பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அவர் பட்டத்தைக் கைவிடவில்லை. கல்வியியல் என்பதாலும் பெண் என்பதாலும் இரட்டை ஏளனம்.

நம் ஊரில் யாரும் கட்டுரை எழுதுவதில்லை, அழைப்பிதழில் விட்டுவிடுகிறார்கள். பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ் ஒன்று அண்மையில் என் கைக்கு வந்தது. தலைமை: முனைவர் என்று ஓர் ஆண். முன்னிலை: முனைவர் என்று இன்னோர் ஆண். வரவேற்புரை: திருமதி. அந்தத் திருமதி, மற்ற இருவரும் பட்டம் பெற்ற அதே பல்கலைக்கழகத்தில், கல்வியியலில் பிஎச்.டி. செய்தவர். அச்சகத்தில் பழைய ஃபைலில் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் இதேதான் நடக்கிறது. மேடையில் தொகுப்பாளரும் ஆண்களை ‘முனைவர்’ என்று அழைத்துவிட்டு, அவரை ‘அம்மா அவர்கள்’ என்று அழைத்தார். அம்மா என்பது அன்பான சொல்தான். பட்டத்துக்குப் பதிலாக அதைக் கொடுப்பது சரியல்ல.

உங்களுக்கு இது நேர்ந்தால் கோபப்பட வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். விழாப் பொறுப்பாளரிடம் நேராகச் சொல்லுங்கள்: “அய்யா, என் பேருக்கு முன்னாடியும் முனைவர் போடணும்.” ஒருமுறை சொன்னால் போதும், பெரும்பாலும் போடுவார்கள். நீங்களே விழாப் பொறுப்பாளராக இருந்தால் வேலை இன்னும் எளிது. அடுத்த ஆண்டு விழா அழைப்பிதழின் மெய்ப்பு உங்கள் மேசைக்கு வரும்போது பெண் ஆசிரியர்களின் பெயர்களைப் பணிப்பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டம் விடுபட்டிருந்தால் சிவப்பு மையால் எழுதிச் சேர்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.